2024-இன் ஆல்பங்கள்: பின்பாட்டு கேட்டுப் பழகிய காதுக்குப் பிடித்தவை

ஆண்டு முடிவில் பத்திரிகைகள் போடும் 'சிறந்த ஆல்பங்கள்' பட்டியலில் ஒரு வசதி உண்டு. இது ஏன் ஐந்தாவது, அது ஏன் பதினேழாவது என்று யாரும் ஆசிரியரைப் பிடித்துக் கேட்க முடியாது. ஊரில் நாலு பேரிடம் பட்டியலைச் சொன்னால் அப்படித் தப்பிக்க வழியில்லை. "பாலைவன கிட்டார், தமிழ் ராப், மலையாளப் படப்பாட்டு, டெத் மெட்டல், இதெல்லாம் ஒரே ஆளுக்கு எப்படிப்பா பிடிக்குது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். 2024-இல் எனக்குப் பிடித்தவற்றை வரிசை எண் போடாமல் சொல்லிக்கொண்டே அதற்கும் பதில் தேடிப் பார்க்கிறேன். முதலில் இந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ராமநாதபுரம் கடற்கரையில் பழைய பாட்டு எதை எடுத்தாலும் அதில் இரண்டு தரப்பு இருக்கும். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், கூட இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள்; அதுதான் பின்பாட்டு. கரைவலை இழுக்கும்போதும் தண்டு வலிக்கும்போதும் பாடிய அம்பாப் பாட்டு இதற்கு நல்ல உதாரணம். முன்பாட்டுக்காரர் ஒரு வரி சொல்லும் நேரத்தில் இழுப்பவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் 'ஏலேலோ' என்று திருப்பும் இடத்தில் கயிறு நகரும். ஆகவே வரியின் நீளத்தை நிர்ணயித்தது வலையின் பாரம். மோட்டார் வந்த பிறகு அந்த வேலையும் இல்லை. எஞ்சின் சத்தத்தில் பாடினாலும் கேட்காது. பாம்பனில் 2016-இல் மீனவர்களுக்கென்று தொடங்கிய 'கடல் ஓசை 90.4' சமுதாய வானொலி இந்தப் பாட்டுகளைக் காற்றில் மறுபடி உலவ விட்டது.

கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்தால் முளைப்பாரிக் கும்மி. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போனால் தாயிரா என்ற வட்டப் பறையைத் தட்டும் பக்கீர்கள். எல்லாவற்றிலும் அதே அமைப்பு. ராமநாதபுரத்தில் பிறந்து நாகூரின் பெயரோடு புகழ்பெற்ற இ.எம். ஹனிபாவின் பாட்டுகளைக் கேளுங்கள். அந்த வெண்கலக் குரல் ஒரு வரியை உயரத்தில் கொண்டு நிறுத்தும்போது, கீழே குழுக்குரல் அதை ஏந்திக்கொள்ளும். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அவரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தக் குழுக்குரல் இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே வராது.

அப்புறம் வானொலி. 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று சொல்லி அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஏறக்குறைய வெளியேற்றினார். இந்தியா முழுக்க ரேடியோ முள் சிலோன் பக்கம் திரும்பியது. எங்களுக்கு அது பக்கத்து வீட்டு நிலையம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருப்பது முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடல்தான். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் பாடகர்களின் பெயர்களைப் போலவே வீடுகளில் புழங்கின. நேயர் விருப்பத்தில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வாசிக்கப்படும். தபாலில் போன ஒரு கேள்விக்குக் கடல் தாண்டிப் பதில் வருகிறது என்பதுதான் அதன் கிளர்ச்சி.

இந்தப் பழக்கத்தால் எந்தப் புது ஆல்பத்தைப் போட்டாலும் நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான்: இங்கே பாடுகிறவருக்குப் பதில் சொல்வது யார்? இன்னொரு குரலாக இருக்கலாம், வாத்தியமாக இருக்கலாம், யாருமே இல்லாமலும் போகலாம். வகை எதுவானாலும் இந்தக் கேள்விக்கு ஒரு ஆல்பம் என்ன செய்கிறது என்பதில்தான் என் விருப்பு வெறுப்பு நிற்கிறது.

2024-இல் நான் அதிகம் கேட்டது நைஜர் நாட்டவர், சஹாரா பாலைவனத்து துவாரெக் இனக் கிட்டார்க்காரர் எம்டூ மொக்தாரின் 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்'. மே மாதம் வந்தது. சிறுவயதில் சைக்கிள் பிரேக் கம்பிகளைத் தந்தியாகக் கட்டித் தானே ஒரு கிட்டார் செய்துகொண்டவர், இடது கையால் வாசிப்பவர். ஆனால் எனக்கு அவரிடம் நெருக்கம் தந்தது அவருடைய பாட்டு பரவிய விதம். 2008-இல் அவர் பதிவு செய்த முதல் ஆல்பம் கடைக்குப் போகவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் அந்த வறண்ட பகுதியில் செல்போன் மெமரி கார்டிலிருந்து மெமரி கார்டுக்கு ஏறி, புளூடூத் வழியே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய் ஊர் ஊராகப் பரவியது. அதற்கு முந்தைய தலைமுறையில் தினாரிவென் என்ற துவாரெக் இசைக்குழுவினர் வெற்று கேசட் கொண்டுவந்தவர்களுக்குப் பாடிப் பதிந்து கொடுத்தார்கள். அது பிரதி எடுக்கப்பட்டு பாலைவனம் முழுக்கச் சுற்றியது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்து, "ராஜா ஹிட்ஸும் ஹனிபாவும் ஏத்திக் கொடுங்கண்ணே" என்று சொன்ன தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே கடைக்காரர் ரசனைப்படிதான் பல வீடுகளின் இசை அறிவு அமைந்தது. ஆல்பத்தின் பெயர், பாடலாசிரியர் எதுவும் கோப்புப் பெயரில் இருக்காது. வெறும் 'டிராக் 07'.

ஆல்பம் கோபமானது. தலைப்புப் பாட்டு ஆப்பிரிக்கத் தலைவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. 'ஓ ஃபிரான்ஸ்' 1960 வரை நைஜரை ஆண்ட நாட்டை நேரடியாகவே சாடுகிறது. 'இமூஹார்' என்ற பாட்டு தமாஷெக் மொழி அழியாமல் காக்கச் சொல்லி துவாரெக் மக்களை அழைக்கிறது. மொழி புரியாமல் கேட்டாலும் அமைப்பு புரியும். அவர் ஒரு வரி பாடுவார், கிட்டார் அதே வரியை வாங்கி வேகமாகத் திருப்பிச் சொல்லும், கைத்தட்டலும் தாளமும் அதைத் தள்ளிக்கொண்டு போகும். அவர் வாசிப்பை மேலை விமர்சகர்கள் அமெரிக்க ராக் கிட்டார்க்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடு ஒப்பிடுவது வழக்கம். வேகத்தைப் பார்த்தால் சரிதான். ஹெண்ட்ரிக்ஸிடம் கிட்டார் தனியாகப் பறக்கும், இங்கே அது கூட்டத்தில் ஒருவராக நிற்கிறது என்று எனக்குப் படுகிறது.

தமிழில் எனக்கு முக்கியமான ஆல்பம் தெருக்குரல் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி'. தலைப்பில் இருப்பவர் அவருடைய பாட்டி. 2021-இல் உலகம் முழுக்க ஓடிய 'எஞ்சாய் எஞ்சாமி'க்குப் பின்னால் இருந்ததும் அதே பாட்டிதான்: இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பியவர். இந்தக் கதையை சென்னையில் இருந்து கேட்கிறவர்களுக்கு அது மலையக வரலாறு. ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரை ஊரான மண்டபத்திலிருந்து கேட்கிறவர்களுக்கு உள்ளூர் வரலாறும்கூட.

பிரிட்டிஷ் காலத்தில் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் மண்டபம் முகாமில்தான் தடுத்து வைக்கப்பட்டு, நோய் இல்லை என்று பார்த்த பிறகு கப்பல் ஏற்றப்பட்டார்கள். 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று இரண்டு அரசுகளும் ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டன. அதே ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். பிறகு யுத்தம் வந்தபோது அதே மண்டபம் முகாம் அகதிகளுக்கானது. போனவர்களும் வந்தவர்களும் தங்கிய இடம் ஒன்றே.

ஆகவே ஒரு ராப் பாடகர் தன்னை 'பேராண்டி' என்று அறிமுகப்படுத்திக்கொள்வதை இங்கே சும்மா கேட்டுவிட்டுப் போக முடியவில்லை. ராப்பில் பெரும்பாலும் 'நான்' என்பதுதான் கதாநாயகன். அறிவு அந்த நானுக்கு முன்னால் ஒரு கிழவியை உட்கார வைத்துவிட்டார். இவர் பாடுவதெல்லாம் அவர் முன்பு சொன்னதற்குப் பதில். தாளக்கட்டில் நாட்டுப்புறமும் கோர்வையில் ஹிப்ஹாப்பும் கலக்கும்போது சில இடங்களில் மேடைப் பேச்சின் சத்தம் பாட்டை அமுக்கிவிடுகிறது என்பது என் குறை. தன் சொந்தக் குரலில் ஒரு முழு ஆல்பம் போட தமிழில் இன்னும் பலர் தயங்கும்போது அந்தக் குறையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

படப்பாட்டு ஆல்பமாகுமா என்று ஒரு பழைய சண்டை உண்டு. கதைக்காகச் செய்த ஐந்து பாட்டு ஒன்றாகக் கிடப்பதால் அது ஆல்பமாகிவிடாது என்பார்கள். நம் கேசட்டுகளில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் சம்பந்தமே இல்லாத இன்னொரு படம் இருந்தது. அதையும் ஒரே மூச்சில் கேட்டோம். தமிழ்நாட்டில் ஆல்பம் கேட்கும் பழக்கத்தை உண்டாக்கியதே படப்பாட்டு கேசட்தான் என்பது என் கட்சி.

அந்த வகையில் 2024-இல் மார்ச் கடைசியில் வந்த 'ஆடுஜீவிதம்' இந்தக் கரையில் மற்ற எந்த மலையாளப் படத்துக்கும் கிடைக்காத காதுகளைப் பெற்றது. சவுதி பாலைவனத்தில் ஆடு மேய்க்க மாட்டிக்கொண்ட ஒருவரின் கதை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தத் தெருவிலும் வளைகுடாவில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரஃபீக் அகமது எழுதி ஜிதின் ராஜ் பாடிய 'பெரியோனே'யை ரஹ்மான் அமைத்த விதத்தைக் கவனியுங்கள். ஒற்றைக் குரல் இறைவனைக் கூப்பிடுகிறது. பதில் சொல்ல மனிதர் யாரும் சுற்றுவட்டாரத்தில் இல்லை. குரல் நீண்டு நீண்டு போவதற்கு அந்த வெறுமைதான் காரணம். ஹனிபாவின் பாட்டிலும் கூப்பிடப்படுவது அதே இறைவன், ஆனால் அங்கே பின்பாட்டுக்கு ஊர் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் வெளிநாட்டு வாழ்க்கை பற்றி ஒரு பெரிய கட்டுரை படித்த மாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் 23 அன்று ஒரே நாளில் இரண்டு தமிழ்ப் படங்கள் வந்தன. மாரி செல்வராஜின் 'வாழை'யில் சந்தோஷ் நாராயணனின் 'பாதவத்தி' ஒப்பாரிப் பாட்டு. ஒப்பாரியில் ஒருத்தி இழுத்துச் சொல்ல, கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அழுதுகொண்டே வாங்குவார்கள். அந்தக் கட்டு குலையாமல் ஒரு சினிமாப் பாட்டு வருவது அபூர்வம். அதே நாளில் வந்த பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. ஆல்பம் பற்றிய கட்டுரையில் இசை இல்லாத படத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆட்டோ சத்தமும் சேவல் சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, வழக்கமாக வயலின் நமக்காக எவ்வளவு அழுதுவிடுகிறது என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு பல படப்பாட்டுகள் எனக்குக் கூட்டம் கூட்டியவையாகத் தோன்றின. கோவிந்த் வசந்தாவின் 'மெய்யழகன்' தப்பித்தது, கமல்ஹாசன் பாடிய இரண்டு பாட்டுகளால். 'யாரோ இவன் யாரோ'வில் அவர் சுருதி சுத்தத்தைக் காட்ட முயலவே இல்லை. வயதான குரல் பேச்சுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது.

அமெரிக்காவின் பெரிய ஆல்பம் பியான்ஸேயின் 'கவ்பாய் கார்ட்டர்'. 27 டிராக். பாதியில் கத்தரிக்கோல் தேடினேன் என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் அதன் வடிவம் எங்கள் ஊர் ஆட்களுக்கு உடனே பிடிபடும்: ஆல்பமே ஒரு வானொலி நிலையமாக நடிக்கிறது. மூத்த கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் அறிவிப்பாளராக வருகிறார், பாடகி டாலி பார்ட்டன் இடையில் பேசுகிறார். அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்த கன்ட்ரி இசை வெள்ளையருடையது என்ற எண்ணத்தோடு சண்டை போடும் ஆல்பம் இது. அந்த இசையின் அடையாளமான பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகளோடு அமெரிக்கா வந்த வாத்தியம். அதன் வரலாற்றைத் தோண்டி எடுத்த ரியானன் கிடன்ஸ் 'டெக்சஸ் ஹோல்டம்' பாட்டில் அதை வாசிக்கிறார். பில்போர்டின் கன்ட்ரி பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் ஆனார் பியான்ஸே. பீட்டில்ஸின் 'பிளாக்பேர்ட்' பாட்டை அவர் தனியாகப் பாடியிருக்கலாம். நான்கு இளம் கறுப்பினக் கன்ட்ரி பாடகிகளைப் பின்னால் நிறுத்தியதில்தான் அந்தப் பாட்டுக்குப் புது அர்த்தம் வந்தது. அவருடைய ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான முதல் கிராமியும் 2025 பிப்ரவரியில் இதற்குத்தான் கிடைத்தது.

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லாமரின் 'ஜிஎன்எக்ஸ்' நவம்பரில் முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. 12 பாட்டு, 44 நிமிடம், கத்தரிக்கோல் தேவையில்லை. மரியாச்சி என்ற மெக்சிகோ இசை வகையின் பாடகி டெய்ரா பர்ரேராவின் ஸ்பானியக் குரல் தொடங்கிவைக்க, லாஸ் ஏஞ்சலஸின் உள்ளூர் ராப்பர்கள் வந்து வந்து போகிறார்கள்.

பாடகி கணவ்யா நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர், ஹரிகதையும் கற்றவர். அவருடைய 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஹூஸ்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டி வைத்து நடத்திய ஒரு வழிபாட்டுக் கூடலிலிருந்து உருவானது. ஜாஸ் உலகின் விஜய் ஐயர், எஸ்பெரான்சா ஸ்பால்டிங், ஷபாகா எல்லாரும் உண்டு. ஜாஸ் ஹார்ப் கலைஞராக இருந்து பிற்பாடு கலிபோர்னியாவில் ஆசிரமம் நிறுவி பஜனை நடத்திய ஆலிஸ் கோல்ட்ரேனின் நிழல் ஆல்பம் முழுக்க இருக்கிறது. பெரிய பெயர்கள் பலரும் தனி ஆவர்த்தனம் கேட்காமல் பஜனைக் கூட்டத்தில் கலந்து உட்கார்ந்திருப்பதுதான் இதில் அழகு. நம் சபா ஆட்கள் இதைக் கச்சேரி என்று ஒப்புக்கொள்வது சந்தேகம். சரி, போகட்டும்.

பாகிஸ்தானிய-அமெரிக்கப் பாடகி அரூஜ் அஃப்தாபின் 'நைட் ரெய்ன்' இரவுக்கான ஆல்பம். 1768-இல் பிறந்து ஹைதராபாத்தில் வாழ்ந்த, உருதுவில் கவிதைத் தொகுப்பு வெளியான முதல் பெண் என்று சொல்லப்படும் மஹ் லகா பாய் சந்தாவின் வரிகளை இரண்டு பாட்டுகளில் எடுத்துக்கொள்கிறார். நாலா சினெஃப்ரோவின் 'எண்ட்லெஸ்னெஸ்' பத்து பகுதிகளும் ஒரே சுரச் சுழற்சியில் ஓடும் ஹார்ப், சின்தசைசர் இசை. புதுப் பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள். 2024 முழுக்க ராமேஸ்வரத்துக்கு ரயில் கிடையாது, மண்டபத்தோடு சரி. அங்கிருந்து பஸ்ஸில் சாலைப் பாலத்தைக் கடக்க இந்த ஆல்பத்தைச் சிபாரிசு செய்கிறேன். அதே பஸ்ஸில் அமெரிக்க பாப் பாடகி பில்லி ஐலிஷின் கிசுகிசுக் குரல் எடுபடவில்லை. கச்சான் காற்று ஜன்னல் வழியாக அடிக்கும்போது கிசுகிசுப்புக்கு என்ன மரியாதை?

உறுமல் குரலும் இரைச்சல் கிட்டாருமான டெத் மெட்டல் பக்கம் பிளட் இன்கன்டேஷன் குழுவின் 'அப்சல்யூட் எல்ஸ்வேர்'. இரண்டே பாட்டு, ஆளுக்கு இருபது நிமிடம் சொச்சம். உறுமலுக்கு நடுவில் டாஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் மின்னிசைக் குழுவின் தோர்ஸ்டன் க்வேஷ்னிங் வந்து சின்தசைசர் வாசிக்கிறார். கேசட்டின் இரண்டு பக்கத்துக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற ஆல்பத்தை ஒரு மெட்டல் குழு கொடுத்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

பிரிட்டிஷ் ராக் குழுவான தி க்யூர் பதினாறு ஆண்டு கழித்து 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் தாய், தந்தை, அண்ணன் மூவரையும் இழந்தார். முதல் பாட்டில் மூன்று நிமிடம் தாண்டித்தான் அவர் வாயையே திறக்கிறார். அதுவரை வாத்தியங்கள் காத்திருக்கின்றன. இழவு வீட்டில் ஒப்பாரி தொடங்கும் முன் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருக்கும் நேரம் ஒன்று உண்டே, அதை எந்த ராக் ஆல்பத்திலும் நான் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. அண்ணனுக்கான பாட்டில் வார்த்தைகள் மிகச் சாதாரணமானவை. பதில் சொல்ல வேண்டியவர் இல்லை என்பதால் அவர் அதே வரிக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்.

பட்டியலில் இடம் பிடிக்காத ஒன்றையும் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் அது நியாயப்படி 2025 கணக்கு. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எம்டூ மொக்தார் குழு அமெரிக்காவில் இருந்தது. ஊர் திரும்ப முடியவில்லை. 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' அதற்குள் பதிவாகி முடிந்திருந்தது. மாட்டிக்கொண்ட அந்த நாட்களில் அதே பாட்டுகளை மின் கிட்டார் இல்லாமல் மறுபடி பதிந்தார்கள். 2025 பிப்ரவரியில் 'டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ்' என்று வந்தது. அதில் ஒரு குறை அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும். குழுவின் இரண்டாவது கிட்டார்க்காரர் அகமூது மதஸ்ஸானே ஒருவழியாக நைஜர் திரும்பும்போது கையில் ஒரு சின்ன ரெக்கார்டரைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்துப் பின்பாட்டைப் பதிந்து அனுப்பினார். அதைச் சேர்த்த பிறகுதான் ஆல்பத்தை வெளியிட்டார்கள்.